வெயிலுக்குப் பின்னால் நிற்பவன்

கணினியில் ஜாதகம் அச்சடித்துக் கொடுக்கும் தொழிலில், வானம் மாறவே மாறாது என்று நம்புகிறவர்களிடம் அது நழுவுகிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சக தொழிலாளர்களே, உங்களுக்கும் இது பழக்கம்தான்.

கழிக்காமல் விட்டது

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கவிதா தன் தாயோடு மாத்தளையிலுள்ள என் கடைக்கு வந்தாள். நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற கங்காணி, ஃபோனில் அவள் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தாராம், மூல நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் மருமகள் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று பயம்.

நான் போட்டேன், அனுஷம். பம்பரம் சுற்றும்போது தலையையும் ஆட்டுமே, அப்படித்தான் பூமியின் அச்சும் மிக மெதுவாக ஆடுகிறது. அதனால் மேல்நாட்டார் ராசி எண்ணத் தொடங்கும் புள்ளி, சூரியனின் பாதையில் பின்னோக்கி நழுவிக்கொண்டே போகிறது. இதுவரை சுமார் இருபத்துநாலு பாகை. நாம் அதைக் கழிக்கிறோம். கங்காணியின் ஃபோன் கழிக்கவில்லை.

கவிதா திரையையே பார்த்தாள்.

"அப்ப மூணு மாசமா நான் அழுதது வேற யாரோட நட்சத்திரத்துக்கு, அண்ணே?"

பங்கு கிடைக்காதவன்

கேட்காத விளக்கத்தையும் இலவசமாகத் தருவது என் வழக்கம். அது கார்த்திகை மாதக் கடைசி. பஞ்சாங்கப்படி சூரியன் விருச்சிகத்தில். நிஜ வானத்தில் எங்கே என்று தாய்க்குத் திரையில் காட்டினேன். சூரியன் தேளைத் தாண்டி, பாம்பைப் பிடித்து நிற்கும் ஒருவனைப் போன்ற நட்சத்திரக் கூட்டத்தின் காலடியில் இருந்தது. வருடாவருடம் அவனையும் கடந்துதான் போகிறது. பாதையைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவர்கள் அவனுக்குப் பங்கு கொடுக்கவில்லை.

வாசல் வழியே விழுந்த வெயிலிலிருந்து அந்த அம்மா கால்களை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இப்பவும் அந்த வெயிலுக்குப் பின்னாடிதான் நிக்கிறானா, தம்பி?"

கங்காணியின் கேள்வி

அடுத்த வாரம் கங்காணியே வந்தார். மூலம் என்று பார்த்த நாளிலிருந்து, மலையில் பனி இறங்கும்போதெல்லாம் தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம். திரும்பினால் ஆள் இல்லை. "அந்தப் புள்ள வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ளயே இப்படி" என்றார்.

அவர் ஃபோனை வாங்கி, அந்த இருபத்துநாலு பாகையைக் கழிக்க வைத்தேன். அனுஷம் வந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார். முகம் தெளிந்தது. "தையில வச்சிருவோம். புள்ளைட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்று எழுந்து வாசல்வரை போனவர், அங்கேயே நின்றார்.

"இந்தப் புள்ளையால இல்லன்னா, தம்பி, என்னைய கூப்பிடுறது யாரு?"

வானத்தை இருபத்துநாலு பாகை நகர்த்திக் கொடுக்கலாம், நண்பர்களே. அதற்கு மேல் கேட்கிறவர்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறும்வரை கூட நிற்பதுதான் நம்மால் முடிந்தது.