வால்நட் தரையும் நாலு வாளித் தண்ணீரும்

மன்னார்ப் பக்கம் தாராபுரத்தில் கட்டும் புது வீட்டின் முன்னறைக்கு வால்நட் மரத் தரை போடலாம் என்று இன்று மன்னார் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். முழு மரமா, என்ஜினியர்ட் பலகையா என்பதுதான் கேள்வி. ஒரு வாரம் யூடியூப் பார்த்த தைரியத்தில் கடைக்காரருக்கே வகுப்பெடுத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடல் காத்துக்கு முழு மரம் ஊதி வளைஞ்சு போகும். ஒட்டுப்பலகைக்கு மேல வால்நட் ஒட்டின என்ஜினியர்ட் கொஞ்சம் தாங்கும். ஆனா ரெண்டிலயும் தண்ணி நிக்கக் கூடாது. வீட்டில நிலம் கழுவுறதோ, துடைக்கிறதோ?"

"துடைக்கிறதுதான்" என்றேன்.

"எதுக்கும் வீட்டில ஒருக்காக் கேளுங்கோ, நானா" என்றார், அண்ணன் முறை வைத்து.

மனைவிக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாலு வாளித் தண்ணி ஊத்தி, தும்புத்தடியால தேய்ச்சுக் கழுவுறனான். நீங்கள் ஜும்ஆவுக்குப் போன பிறகு."

பதின்மூன்று வருடங்களாகத் தொழுதுவிட்டு வந்து, காய்ந்த தரையில் நடந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் வீடு குளிர்ச்சியாக இருப்பது ஜும்ஆவின் பரக்கத் என்று அவளிடமே சொல்லியும் இருக்கிறேன். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். "டைல்ஸ் பக்கத்துக் கடையில இருக்கு" என்றார்.

உங்கள் வீட்டுத் தரையை யார், எப்போது கழுவுகிறார்கள்? ஆண்கள் மட்டும் பதில் எழுதுங்கள். வீட்டில் கேட்காமல்.