பத்தாவது அடிபம்பு

1991இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு சின்ன ரப்பர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கிராமத்து அடிபம்புகளுக்குத் தோல் வாஷருக்குப் பதிலாக ரப்பர் வாஷர் செய்து பார்க்கும் ஆராய்ச்சித் திட்டம் அங்கே நடந்தது. மத்திய அரசின் நிதி. சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வடிவமைப்பு. செய்து கொடுப்பது நாங்கள். பேராசிரியருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஓடுவதும், மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை எழுதுவதும் என் வேலை. வரைபடச் சுருளை மடியில் நிறுத்திக்கொண்டு, ஏரியையும் நாற்றங்காலையும் பார்த்தபடி குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த காலைகளை நினைத்தால் இன்றும் மனம் லேசாகிவிடும்.

வல்லம் பக்கத்து ஊர்களில் பத்து பம்புகளில் எங்கள் வாஷரை மாட்டினோம். இரண்டே மாதத்தில் ஒன்பது பம்புகள் மக்கர் செய்தன. எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறவில்லை. பத்தாவது மட்டும் முதல் நாள் போலவே கொட்டியது. எங்கள் ஃபோர்மேனிடம் காரணம் கேட்டேன். ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ட்ராயிங்ல கீற மாதிரி போட்டா ஓரம் மடங்கிக்குதும்மா. ஒண்ணு மட்டும் தடியா போட்டுப் பாத்தேன். எழுதிடாத, வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆய்வுக் குழுக் கூட்டம் எங்கள் கேன்டீனில் நடந்தது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரி என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, அந்த ஒரு பம்பு மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாலும், உள்ளூரப் பயம்தான். கதவோரம் நின்றிருந்த ஃபோர்மேனே முன்னால் வந்தார்.

"நான்தான் சார் மாத்தினேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார் பேராசிரியர்.

"போன்ல சொன்னேன் சார். ட்ராயிங்படி செய்யின்னீங்க."

பேராசிரியரின் முகம் சிவந்தது. திட்டம் அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ, அந்தத் தடி வாஷரை வார்த்த அச்சு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இருவரும் ரப்பரை அழுத்தி வார்க்கும் பிரஸ் பக்கம் போனார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் திரும்பவில்லை. அதிகாரியும் நானும் சாப்பிட்டு முடித்தோம். கிளம்பும் முன் அவர் ஆறு மாத அவகாசம் நீட்டித்துக் கொடுத்தார்.

அதன்பின் பேராசிரியர் வாரம் தவறாமல் வந்தார். புது வாஷர் பத்து பம்புகளிலும் மடங்காமல் தாக்குப்பிடித்தது.

இறுதி அறிக்கையில் ஆய்வாளர் பட்டியலில் ஃபோர்மேன் பெயரையும் தட்டச்சு செய்தேன். கல்வித் தகுதிக் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். கையெழுத்துப் போட வந்த பேராசிரியர் பேனாவை நிறுத்தி, அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். எட்டாவது என்றேன்.

"அதையே எழுதும்மா."

டெல்லியிலிருந்து யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஃபோர்மேன் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் கேட்டார். முழு அறிக்கையையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.