முருங்கைப் போத்தும் மோர் குடித்த கறிவேப்பிலையும்

கறிவேப்பிலைக் கன்று வளர்க்க என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் சொந்த வீடு வேண்டும் என்பேன். அப்புறம் காலை வெயில், தண்ணீர் தேங்காத மண், புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர், பக்கத்தில் நின்று கவலைப்பட ஓர் ஆள். முருங்கைக்கு இந்தப் பந்தா எதுவும் கிடையாது. ஒரு கிளையை வெட்டி நட்டுவிட்டு மறந்துவிடலாம். அக்கறையோடு தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தபோது. அறுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்தேன். வீட்டுச் சொந்தக்காரருக்கு நாலு தறி. அதில் ஒன்றில் என் கணவர் கூலிக்கு நெய்தார். ஆக, எங்களுக்குச் சோறும் அவர் புண்ணியம், கூரையும் அவர் புண்ணியம். இரண்டைப் பற்றியும் வாயைத் திறக்க முடியாது. எனக்கோ வாயை மூடி வைத்துப் பழக்கமில்லை. "கம்முனு இரு" என்பதுதான் என் கணவர் என்னிடம் அதிகமாகப் பேசிய பேச்சு.

முசரவாக்கத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பா, பஸ்ஸில் ஒரு முருங்கைப் போத்தை, நடுவதற்கென்று வெட்டிய கிளையை, தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வருகிற அப்பாக்களும் உலகத்தில் உண்டு. அதைக் கொல்லை மூலையில் நட்டு, வெட்டிய தலை காய்ந்துபோகாமல் இருக்க ஓர் உருண்டைச் சாணியை அப்பிவிட்டுப் போனார். வீட்டுக்காரம்மா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாமா இது, குடியிருக்க வந்தவ மரம் நட்டுக்கினு இருக்குற? நாளைக்கு இதுக்குப் பட்டா கேப்பியா?"

"கீரைக்குத்தாம்மா. நீங்களும் பறிச்சிக்குங்க."

"எங்களுக்கு எதுக்கு? முருங்கைன்னா பேய் வந்து குந்திக்கும். வாசப் பக்கம் தெரியாம இருந்தா சரி."

பேய்க்குக்கூட வாடகை கேட்டிருப்பாள். ஏதோ அன்றைக்கு விட்டுவிட்டாள்.

அவளுடைய செடி கறிவேப்பிலை. கொல்லையின் நடுவில், வெயில் நன்றாக விழுகிற இடத்தில் கொலுவிருந்தது. அந்த வீட்டு ஒரே மகளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல். கறிவேப்பிலையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்த்துத்தான் அந்தக் கூந்தல் வளர்ந்தது என்று வீட்டுக்காரம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அந்தச் செடியின் பக்கம் போகவே தடை. "மூணு நாளுல கிட்ட போயிடாத, வாடிப்பூடும்" என்று மாதம் தவறாமல் நினைவுபடுத்துவாள். மற்ற நாட்களிலும் போனதில்லை. எங்கள் வீட்டில் மோரே அபூர்வம். அதையும் புளிக்கவைத்துச் செடிக்கு ஊற்றுகிற வீட்டில் நாம் போய் என்ன செய்ய?

பயன் என்று பார்த்தாலும் எனக்கு அன்றும் இன்றும் ஆச்சரியம்தான். அவ்வளவு சீராட்டி வளர்த்த இலையைத் தாளித்துக் கொட்டுவார்கள். சாப்பிடும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார்கள். அந்த வீட்டுப் பத்துப்பாத்திரம் சில நாள் நான்தான் தேய்ப்பேன் என்பதால் எனக்குத் தெரியும். மோர் குடித்த இலைகள் அப்படியே சாக்கடையில் போகும். வாசனைக்கு என்பார்கள். சரி, வாசனை இருந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. முருங்கையோ யார் தொட்டாலும் வாடாமல், யாரையும் கேட்காமல் வளர்ந்து, கீரையும் பூவும் காயுமாகக் கொடுத்தது. எங்கள் வீட்டுத் தட்டில் எதுவும் ஓரத்துக்குப் போகவில்லை, சக்கையைத் தவிர.

அப்புறம் எனக்குத் தலைச்சன் பிறந்தான். அம்மா வீட்டில் பெற்று, மூன்றாம் மாதம் காஞ்சிபுரம் திரும்பினேன். எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. கடையில் டின் பால் இருந்தது, எங்கள் கூலிக்குப் பார்க்க மட்டும்தான் முடியும். முருங்கைக்கீரையைப் பூண்டு போட்டுக் கிண்டித் தினமும் தின்றால் ஊறியது. ஒரு நாள் விட்டால் மறுநாள் பிள்ளை மார்பைச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவான். அந்த அழுகையைக் கேட்கும்போது எனக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரம் வரும். அந்த மரம் எனக்கு மரமில்லை, பிள்ளையின் சாப்பாடு.

அந்த ஐப்பசியில் வீட்டு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கூறைப்புடவைக்கு அரக்கு நிறச் சாயம் போட்ட நூல் வந்தது. அதை நிழலில் உலர்த்த வேண்டும். கொல்லையில் நிழல் என்று இருந்தது என் முருங்கையடி மட்டும்தான். கறிவேப்பிலையின் நிழலில் கைக்குட்டைகூடக் காயாது. மூங்கிலைக் கட்டி அங்கேயே தொங்கவிட்டார்கள். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையாய் அப்பும் என்பது தறிக்காரர்களுக்குத் தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நான் அப்போது அறையில் பிள்ளையோடு இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரம்மா நூலை வாரித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அப்புறம் அந்த வீட்டில் ஒரு வாரம் அரிப்பைத் தவிர வேறு பேச்சில்லை. கழுத்து, தோள், முதுகு எல்லாம் தடித்துப்போய்விட்டது. புழு கக்கிய நூலை விற்று நாலு தறி போட்ட வீடு, ஒரு புழுவைப் பார்த்து அந்தக் குதி குதித்தது.

"கல்யாண நூல்ல பூச்சி வுழுந்தா அபசகுனம். மரத்த வெட்டிடணும்" என்றாள்.

ஒரு மாமரத்துக்காகக் கோயிலே கட்டிக் கும்பிடுகிற ஊரில், என் மரத்துக்காக ஒரு வாய் திறக்கவில்லை. "பால் குடிக்கிற கொழந்தைக்கும்மா, வேற எதுவும் இல்லமா" என்று நான் போய் நின்றேன். என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். "கம்முனு இரு. தறி போயிடும்." காலையில் வெட்டி முடித்துவிட்டார்கள். கீழே கிடந்த கீரையை உருவி இரண்டு நாள் சமைத்தேன். உருவும்போது அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

மரம் போனதும் அந்தப் பக்கத்துச் சுவர் உடைசலில் புகுந்து தெரு ஆடுகள் கொல்லைக்குள் வர ஆரம்பித்தன. கறிவேப்பிலைக்கு ஆபத்து! உடனே வீட்டுக்காரர், வீணாய்க் கிடக்கிறதே என்று, வெட்டிப்போட்ட முருங்கைக் கிளைகளையே ஆள் உயரத்துக்கு நறுக்கி, செடியைச் சுற்றி நட்டுக் கயிறு கட்டினார். தறியில் பாவு நூல் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். முருங்கையை வெட்டி நட்டால் அதற்குப் பெயர் வேலி இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. ஐப்பசி மழையில், அதுவும் தண்ணீர் தேங்காத, மோர் ஊற்றுகிற இடத்தில்! நான் வாயே திறக்கவில்லை. என் கணவர் இதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டார்.

வாயைத் திறக்காவிட்டாலும் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கம்பின் தலையிலும் சாணியை உருட்டி அப்பினேன்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"திருஷ்டிக்கும்மா. செடி நல்லா வருதுல்ல, ஊரு கண்ணு சும்மா இருக்காது."

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இரண்டு மூன்று வாரத்தில் கம்புகள் துளிர்த்தன. துளிரை அவர்கள் பார்க்கும் முன்பே நான் பறித்துவிட வேண்டும். காலையில் கொல்லை பெருக்குகிற சாக்கில் போவேன். பறிக்கப் பறிக்க அது இன்னும் அடர்த்தியாகத் துளிர்த்தது. முதலில் ஒரு பிடி, அப்புறம் ஒரு கை நிறைய. வீட்டுக்காரம்மா கறிவேப்பிலைக்கு மோர் ஊற்ற, கம்புகளும் வேரை நீட்டிக் குடித்தன. கறிவேப்பிலை மட்டும் அந்த வருஷம் ஏனோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அவள் மோரைக் கூட்டினாள். என் பிள்ளைக்குக் கன்னம் உப்பியது. அந்தத் தையிலேயே மகள் கல்யாணமாகிப் போனாள். கம்புகள் மொட்டையாகவே நின்றன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கார்த்திகையில் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. வீடே கொண்டாடியது. பிறந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், என் அறை வாசலில் நிழல் தட்டியது. வீட்டுக்காரம்மா. கையில் வெறும் பாத்திரம். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி நின்றதில்லை.

"ஏம்மா, அந்தக் கம்புல நீ தெனம் பறிப்பியே... இன்னிக்குக் கொஞ்சம் நான் பறிச்சிக்கட்டுமா? பொண்ணுக்குப் பாலு ஊறல. கொழந்த காலைலருந்து கத்திக்கினே இருக்குது."

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை. என் மரத்தின் கீரையைப் பறிக்க என்னிடமே அனுமதி கேட்கிறாள்! ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. மோர் ஊற்றி வளர்த்தீர்களே, உங்கள் கறிவேப்பிலையைக் கேளுங்கள். பேய் குந்தும் மரத்துக் கீரை உங்கள் பேத்திக்கு எதற்கு. அன்றைக்கு என் பிள்ளைக்கு என்று கெஞ்சினேனே, அப்போது காது எங்கே போயிருந்தது. எதை முதலில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் முன்கட்டிலிருந்து அந்தக் குழந்தை வீறிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போன அழுகை. எனக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. என் ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்துவிட்டது. ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்கவில்லை, இந்தத் துரோகி உடம்பு.

"கீரை வேகறதுக்குள்ள கொழந்த இன்னாமா பண்ணும்?" என்றேன். குரல் கோபமாகத்தான் வந்தது. "கொண்டாந்து இங்க குடுங்க."

அவள் பாத்திரத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.