வீட்டுக்கு ஒரு மட்டை

பள்ளி ஆசிரியைகளின் பூப்பந்து அணியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மட்டை வாங்க இன்று தாம்பரம் கடைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார்.

"புதுசா ஆடறீங்க, மணிக்கட்டும் மெலிசு. லேசானதா எடுத்துக்குங்கம்மா," என்றார் கடைக்காரர்.

"ரேடியோ மாதிரி வீட்டுக்கு ஒண்ணு போதும் சார். தம்பி ஆடணும், நானும் ஆடணும். நல்ல கனமா குடுங்க," என்றார் அப்பா.

"மேட்ச் எனக்குத்தானேப்பா?"

"பழகினா சரியாயிடும்மா."

சாயங்காலம் மைதானத்தில் நாலு பந்து அடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எதிர்வீட்டு சார் மட்டையை வாங்கிப் பார்த்தார். தன் கைக்கே செய்த மாதிரி இருக்கிறதாம். அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "வச்சுக்கிட்டு ஆடுங்க சார்," என்று கொடுத்தனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். என் மட்டையை அவரிடம் எப்படி இரவல் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.