மிளகாய் லாரியில் நான் இல்லை

ஆண்டவருக்குள் என் சொந்தங்களே, பொறாமை என்னை உள்ளுக்குள்ளே தின்றுகொண்டிருந்த காலத்தில் அவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. தமிழ்நாட்டில் ஒரு செங்கல் சூளையில் அடிமைகளாகக் கிடந்த, எங்களுடையதையும் சேர்த்து நான்கு குடும்பங்கள், வற்றல் மிளகாய் ஏற்றி வந்த லாரியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து இங்கே வந்து சேர்ந்தன. ஒரு போதகர் பாழடைந்த கிடங்கு ஒன்றைத் திறந்துவிட்டார். பிறகு தப்பி வந்தவர்களுக்கும் அதுவே வீடானது. வந்து சேர்ந்த நாளை வருஷாவருஷம் ஜெப வீட்டில் நினைவுகூர்வோம். அன்றைக்கு எந்த அடுப்பிலும் மிளகாய் ஏறாது. உப்புக் கஞ்சிதான்.

அந்த நாளை நான் வெறுத்தேன். ஆண்டவர் காப்பாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல அண்ணன் தாசன் எழுந்து நிற்பான். "தொண்டை எரிஞ்சுது. இருமினா செத்தோம். அப்பா துண்டை என் வாயில திணிச்சார்" என்பான். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுவார். நானோ இங்கே பிறந்தவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். தொண்ணூறுகளின் கடைசியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மார்க் ஷீட்டைக் காட்டினால் அப்பா, "நல்லது மோனே" என்பார். அவ்வளவுதான். என் தோளைப் பிடித்து அவர் அழுததே இல்லை.

"இவன் ஃபேன் காத்துல பொறந்தவன். இவனுக்கென்ன சாட்சி?" என்று அண்ணன் கேலி செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். சூளையில் அடி வாங்கிய அவன் முதுகுத் தழும்பைப் பார்த்தால்கூடப் பொறாமை. யாரிடம் போய்ச் சொல்வது? "ஆண்டவரே, எனக்கும் ஒரு சாட்சி கொடும்" என்று முழங்காலிட்டேன். மாதக்கணக்கில் கேட்டேன்.

மழைக்காலம். செல்வியக்கா அதே சூளையிலிருந்து கைக்குழந்தையோடு ஓடி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு காலையில் வாசலில் ஜீப் நின்றது. இறங்கிய ஆளைப் பார்த்ததும் அப்பா கையிலிருந்த சாயா கிளாஸ் விழுந்தது. சூளை மேஸ்திரி. தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள்தான் என்று அப்பாவின் முகமே சொன்னது.

"செல்விய அனுப்பு" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அண்ணன் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். செல்வியக்கா துணி மூட்டையை எடுத்தேவிட்டார்.

நான் வாசலை மறித்து நின்றேன். தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். பயம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த முகம் யாரோ ஒருவனுடைய முகம்.

"யாருங்க நீங்க?"

"டேய், உங்கப்பனைக் கேளு நான் யாருன்னு."

"உங்களைத்தான் கேக்கறேன். அக்கா வரமாட்டாங்க. ஆளை அடைச்சுவெச்சு வேலை வாங்கறது குத்தம். போலீசைக் கூப்பிடவா?"

அவன் என்னைத் தள்ளிவிட்டு நுழையப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்துக் கத்தினேன். "சேட்டன்மாரே, ஓடி வாயோ!"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன்மார் கொக்கியும் கையுமாக ஓடி வந்தார்கள். மேஸ்திரி ஜீப்பில் ஏறினான். போலீஸ் வந்து செல்வியக்கா சொன்னதை எழுதிக்கொண்டது. அவன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அவனைப் பாத்ததும் என் கால் நகரலடா. நீ என்னடான்னா 'யாருங்க'ன்னு கேக்கற! எனக்கு அது வாய்க்கலையே. உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு."

அப்பா என் தோளைப் பிடித்தார். "அவனை நிக்கவெச்சு யாருன்னு கேக்க எனக்கொரு புள்ள வேணும்னுதான், மோனே, அன்னிக்கு மிளகாய்க்குள்ள கிடந்து ஜெபிச்சேன்" என்றார். அழுதார்.

நான் சாட்சி கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். நான் பிறக்கும் முன்பே ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டு ஜெபித்திருக்கிறார். ஸ்தோத்திரம் சொல்வதைத் தவிர எனக்கு வேறென்ன இருக்கிறது? இப்போது உப்புக் கஞ்சி எனக்கும் இறங்குகிறது. அண்ணன் பேசும்போது இன்னும் சில சமயம் வயிறு எரியத்தான் செய்கிறது. உடனே முழங்காலிட்டுவிடுகிறேன்.

சொல்ல ஒரு கஷ்டமும் இல்லையே என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கச்சி, கஷ்டத்தைக் கேட்டு ஜெபிக்காதே. வீட்டுக்குப் போய், உனக்காக என்ன ஜெபித்தார்கள் என்று அப்பா அம்மாவிடம் கேள். அந்த ஜெபத்தைக் கேட்டவர் உன்னுடையதையும் கேட்பார். அவரை நம்பு.