சிவப்புச் சிப்பாய் யாருடையது?

என் தங்கை பானு ஷோகி ஆடுகிறாள். அது ஜப்பானியர்களின் சதுரங்கம். மொழிபெயர்ப்பு வேலை போக, சனிக்கிழமைகளில் புனேயின் நிக்டியில் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லியும் தருகிறாள். கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இருப்பவர்களுக்கு இன்றும் அவள் ‘செஸ்வாலி பானு’தான். செஸ் வேறு, ஷோகி வேறு என்று நானும் விளக்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

1997இல் பி.காம். முடித்ததும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். அங்கே அலமாரியில் ஒரு ஷோகிப் பலகை யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. மொழிப் பயிற்சிக்காக அதன் விதிகளை வாசிக்கத் தொடங்கியவள், ஒரே மாதத்தில், வீட்டிலும் ஒரு பலகை வேண்டும் என்று நின்றாள்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டு, போசரியில் ஒரு மரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மிச்சப் பிளைவுட்டில் நாற்பது காய்களை அறுத்தேன். ஒவ்வொன்றும் ஐந்து மூலை, முன்பக்கம் கூர். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன்.

அப்பா சின்னதுரை வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெயிண்டர். வெறும் மரமாகக் காய்களைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பானு வகுப்புக்குப் போயிருந்தபோது பாதிக்குச் சிவப்பு, பாதிக்குக் கறுப்பு அடித்துக் காயவைத்துவிட்டார். திரும்பி வந்தவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னட்டி சிரிப்பு? ரெண்டு படையும் ஒரே கலர்ல இருந்தா யாரு காயி எதுன்னு எப்படித் தெரியும்?”

“கூர் எந்தப் பக்கம் பாக்கோ, அதுதாம்பா கட்சி. எதிராளி காயப் பிடிச்சா, திருப்பி வச்சு நம்ம பக்கமே ஆட விடலாம். இப்போ உங்க கறுப்பு மாட்டுனா சிவப்புக்காகச் சண்டை போடணும்.”

“எலெக்‌ஷன்ல நிக்கவனுவ மாதிரில்லா இருக்கு!”

சாயம் அப்படியே இருந்தது. அதன்மேல் அவள் வெள்ளையில் காய்களின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினாள். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் பலகையை விரிப்பாள். சிவப்பு அவளுக்கு, கறுப்பு எனக்கு. நான் ஒருமுறையும் ஜெயித்ததில்லை.

பிறகு அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. புனேயில் வேலை பார்த்த ஜப்பானியர்கள் வருடம் ஒருமுறை ஔந்தில் ஷோகிப் போட்டி வைப்பார்கள். 2002இல், ஜெயிப்பவரை ஜப்பானில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். “அண்ணே, ஒரு தடவ அந்த ஊர்ல உக்காந்து ஆடிரணும்” என்றாள் பானு. எதையும் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளை அது.

கடைசி ஆட்டம் மோரிதா என்ற இன்ஜினியரோடு. அப்பாவும் நானும் சுவரோரம் நின்றோம். பானுவின் கைதான் ஓங்கியிருந்தது. பிடித்து வைத்திருந்த சிப்பாய் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். மோரிதா தலை குனிந்துகொண்டார். பானு பலகையைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். ‘தோற்றுவிட்டேன்’ என்று பொருள். அந்த ஆட்டத்தில் தோற்றவர்தான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“என்னல ஆச்சு? ஜெயிச்சுக்கிட்டுல்லா இருந்தா?” என்று அப்பா என் கையைப் பிடித்தார்.

பஸ்ஸில்தான் சொன்னாள். ஒரே நெடுக்கு வரிசையில் நம் சிப்பாய்கள் இரண்டு நிற்கக் கூடாது. வைத்த நொடியே தோல்வி. “வீட்டுல என் சிப்பாய் சிவப்பா பளிச்சுன்னு தெரியும். கண்ணு அதே பழக்கத்துல சிவப்பத் தேடிட்டு. அங்க எல்லாம் மரக் கலரு. சிவப்பு இல்லன்னதும் வரிசை காலின்னு நினைச்சிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உப்புத்தாளோடு காய்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பானு ஓடிவந்து தாளைப் பிடுங்கினாள்.

“தேய்க்காதீங்கப்பா. எனக்கு இந்தக் கலர் வேணும்.”

அன்று முதல் இரண்டு பக்கமும் சிவப்பையும் கறுப்பையும் கலந்து அடுக்கினாள். நிறத்தை நம்பினால் ஏமாற வேண்டியதுதான். கூரை மட்டுமே நம்ப வேண்டும். எனக்குத் தலை சுற்றியது.

“அண்ணே, அது உன் காயி. உன்னயே நீ வெட்டுத!”

ஆரம்பத்தில் அவளுக்கும் அப்படித்தான். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் அவள் கண் நிறத்தை மறந்துவிட்டது.

மறுவருடமும் அதே பரிசு, அதே கூடம், எதிரே அதே மோரிதா. பாதி ஆட்டத்தில் பானு சிப்பாய் ஒன்றைக் கையில் எடுத்தாள். வரிசையை அடிமுதல் நுனிவரை பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்து, பக்கத்து வரிசையில் வைத்தாள். அதன் பிறகு மோரிதாவின் ராஜாவுக்குப் போக இடமில்லை. அவர் குனிந்து சொன்ன வார்த்தை எனக்குப் போன வருடமே மனப்பாடம்.

அப்பா கூடமே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார். பானு எழுந்து வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் அதை முதலிலிருந்து வைத்து, எங்கே தவறினோம் என்று பேசுவது அங்கே வழக்கம். வாசலில் வாங்கிய வடாபாவ் அப்பா கையில் ஆறிக்கொண்டிருந்தது. “ஜெயிச்ச பொறவும் என்னல பேச்சு?” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

ஜப்பானில் மூன்று ஆட்டம் ஜெயித்தாள், இரண்டு தோற்றாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, தோத்தது ரெண்டும் அவங்க நல்லா ஆடுனதால. சிப்பாயால இல்ல.”

அப்பா என்னிடமிருந்து போனைப் பறித்தார். “ஏட்டி, அங்க காயெல்லாம் என்ன கலரு?”

“எல்லாம் மரக் கலருதாம்பா.”

“அந்த ஊர்ல ஒரு பெயிண்டர்கூட இல்ல போல” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டார்: “மூணு ஜெயிச்சியா? இன்னொரு தடவ சொல்லுட்டி!”