செயினை இழுத்துப் பார்ப்பவர்

சுவிசேஷமுத்து அண்ணனோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. துவாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் யார்டில் லாரி கிரேன் ஓட்டுபவன் நான். டிரெய்லரில் சரக்கை நான் இறக்கி வைத்தால், செயின் போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டிப்போவது அவர். வேறு யாரையும் செயினைத் தொட விட மாட்டார். கட்டிக்கொண்டு புறப்பட்டாலும் விட்டதா? கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி ஒவ்வொரு செயினையும் இழுத்துப் பார்ப்பார். ஓடுகிற ஓட்டத்தில் சரக்குக்கு அடியில் போட்ட பலகை அமுங்கும், செயின் தொய்யும் என்பார். மழையில் நனைந்த பலகை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஈசூனில் அவர் வீட்டிலும் இதே கதைதான். கேட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுப்பார். "செயின இழுத்துப் பாத்தாச்சா டாடி?" என்று மகள் ஜோவன்னா கிண்டலடிப்பாள். மனைவி அந்தோனியம்மாள் இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவள்தான். அவளுக்கும் மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது. இனி அங்கேயேதான்.

அவள் கிளம்பிய அன்றும் மனுஷன் வேலைக்கு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு போட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று கத்தினேன். அவள் பெட்டி கட்டுவதை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றார். ஏர்போர்ட் இருக்கும் சாங்கிப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் போக வேண்டியிருந்தது. அதை இறக்கிவிட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போய், அவள் உள்ளே போவதற்குள் பார்த்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அன்று காலையில் நல்ல மழை. வழக்கத்தைவிட அவசரமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் வந்தது. நேரமில்லாத நேரத்திலும் நிறுத்திப் பார்த்திருக்கிறார். இரண்டு செயின் தொய்ந்து, ஜெனரேட்டர் ஒரு சாண் நகர்ந்திருந்தது. கிரேனால் தூக்கி வைத்துத்தான் மறுபடி கட்ட முடியும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் டாக்சி பிடித்துப் போங்கள் என்றேன்.

"சரக்கு சாஞ்சு நிக்குது லா தம்பி. பக்கத்துலயே பஸ் ஸ்டாப். பிள்ளைங்க நிக்குது. விட்டுட்டு எப்பிடிப் போவேன்?"

நெரிசலில் மாட்டி நான் போய்ச் சேர்ந்தபோது, பஸ்ஸுக்கு நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இப்போதாவது கிளம்புங்கள் என்றேன். அவள் உள்ளே போயிருப்பாள் என்றார். அப்போதுதான் அவர் போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள் ஜோவன்னா. இந்த மனுஷனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் வராது.

"வந்துட்டேம்மா. கண்ணாடிக்கு வெளிய நிக்கிறேன். உன்னப் பாத்துட்டேன்."

"அப்பிடியா. என்ன கலர் டிரஸ் போட்டிருக்கேன்?"

காலையில் அவள் எழுவதற்கு முன்பே வீட்டைவிட்டு ஓடி வந்தவருக்கு எப்படித் தெரியும்?

அவள்தான் மறுபடி பேசினாள். குரல் உடைந்திருந்தது.

"டாடி. செயின இழுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"சரி. மெதுவா ஓட்டுங்க."

ஜெனரேட்டரைத் தூக்கி நேராக வைத்தேன். அவர் கட்டினார். ஒவ்வொரு செயினையும் இழுத்துப் பார்த்தார். பிறகு சாங்கிக்கு ஓட்டிப்போய், சரக்கைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மனம் கேட்காமல் அவரை ஈசூன் வரை கொண்டுபோய் விட்டேன். விளக்குப் போடாத வீட்டுக்குள் போய்க் கேட்டைப் பூட்டினார். பூட்டை ஒரு தரம்கூட இழுத்துப் பார்க்கவில்லை.